தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு: தொழில் நடத்துவோர் அறிய வேண்டியவை

(சிறுதொழில் நடத்துவோரும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



புதிதாகத் தொழில் தொடங்க முற்படும் ஒருவர் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும்போது, திட்ட அறிக்கை ஒன்றைத் தம்முடன் எடுத்துச் செல்கிறார். அதில் கட்டடத்தின் மதிப்பு, எந்திரங்களின் விலை, மூலப்பொருளுக்கு வேண்டிய முதல், மின்கட்டணம், தேய்மானம், வட்டி ஆகிய அனைத்தும் பைசா வரை கணக்கிடப்பட்டிருக்கும். கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் தீக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று வங்கியே நிபந்தனை விதிக்கிறது. சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிக்குச் சட்டமே காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அந்த எந்திரத்தை இயக்கும் கைகளைப் பற்றி அவ்வறிக்கையில் ஒரே ஒரு வரிதான் காணப்படும்: 'தொழிலாளர் எண்ணிக்கை: 7, ஆண்டு ஊதியச் செலவு: இவ்வளவு.' அந்தக் கைகளுள் ஒன்று எந்திரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அறிக்கையில் எங்கும் இராது. அக்கேள்வியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஒரு பட்டறையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் வட மாநிலத் தொழில் நகரம் ஒன்றில் சிறுதொழில் வளர்ச்சிப் பணியில் இருந்தேன். அங்கே இரும்புத் தகடுகளை வெட்டி வளைத்து உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை இருந்தது. உரிமையாளர் முன்பு தாமே லேத் எந்திரத்தில் நின்று வேலை கற்றவர், நேர்மையானவர், ஊதியத்தை ஒரு நாளும் தாமதப்படுத்தாதவர். அவருடைய கடன் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்தவர்களுள் நானும் ஒருவன். தீக் காப்பீட்டைப் பற்றி வங்கி அவரிடம் கேட்டது; நானும் கேட்டேன். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைப் பற்றி வங்கியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2012-ஆம் ஆண்டில் ஒரு நாள் அப்பட்டறையில் தகடுகளை இறக்கும்போது சங்கிலி அறுந்தது. பீகாரிலிருந்து வந்து வேலை செய்துகொண்டிருந்த முப்பது வயதுத் தொழிலாளி அந்த இடத்திலேயே மாண்டார். அவருடைய மாத ஊதியம் 9,000 ரூபாய். உரிமையாளர் கலங்கிப் போனார். உடலை ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்றார். இறந்தவரின் அண்ணன் வந்தபோது, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி 2 லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தார். 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிகள் கையொப்பமிட்டனர். தம் கடமை முடிந்தது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

ஓராண்டு கழித்து, இறந்தவரின் மனைவி தாம் வாழும் மாவட்டத்திலேயே இழப்பீட்டுக் கமிஷனரிடம் மனுச் செய்தார். மனுதாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 1995-இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அண்ணனிடம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியேனும் அந்தப் பெண்ணின் கைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். சட்டத்தின் பார்வையில் அந்தப் பணம் இழப்பீடே அன்று. மரணத்துக்கான இழப்பீட்டைக் கமிஷனரிடம் செலுத்த வேண்டும். நேரடியாகக் கொடுத்தது செலுத்தியதாகக் கொள்ளப்பட மாட்டாது என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. மூன்று மாத ஊதியம் வரை முன்பணமாகக் கொடுத்துக் கழித்துக்கொள்ள அப்பிரிவு இடமளித்ததும் உண்மையே. ஆனால் அதுவும் இறந்தவரைச் சார்ந்தவருக்குக் கொடுத்திருந்தால்தான். வயது வந்த அண்ணன் சட்டப்படி சார்ந்தவர் அல்லர். உரிமையைக் கைவிடுவதாக எழுதிய முத்திரைத்தாளும் 17-ஆவது பிரிவின்படி செல்லாது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 8,31,920 ரூபாய். விபத்து நாள் முதல் 12 விழுக்காடு தனிவட்டி 3,99,322 ரூபாய். தாமதத்துக்கு அபராதமாக இழப்பீட்டில் கால் பங்கு, அதாவது 2,07,980 ரூபாய். ஆக மொத்தம் 14,39,222 ரூபாய். செலுத்தத் தவறினால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். பட்டறையின் எந்திரங்கள் விற்கப்பட்டன; மீதமிருந்த ஆறு தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

இக்கதையில் கொடியவர் எவரும் இல்லை. விதவைக்கு உரியதை அவர் கேட்டார். சட்டம் அதை வழங்கியது. உரிமையாளரும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். ஆயினும் ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகள் காத்திருந்தது. ஒரு தொழில் அழிந்தது. இரண்டையும் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு காகிதம் மட்டும் அங்கே இல்லை.

பிழை யாருடையது?

இந்தச் சட்டத்தின் அடிப்படையை உணர, அது பிறந்த வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும்.

1837-இல் இங்கிலாந்தில் இறைச்சி வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்த ஓர் இளைஞர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததால் தொடை எலும்பு முறிந்து, இழப்பீடு கோரினார். உயர்நிலை நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தகைய தீர்ப்புகளிலிருந்து முதலாளிக்கு மூன்று கேடயங்கள் உருவாயின. விபத்தில் தொழிலாளியின் கவனக்குறைவும் கலந்திருந்தால் இழப்பீடு இல்லை என்பது ஒன்று. உடன் வேலை செய்பவரின் தவற்றால் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பல்லர் என்பது மற்றொன்று. வேலையின் ஆபத்தை அறிந்தே சேர்ந்தவர் அதை ஏற்றுக்கொண்டவராகிறார் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் தாண்டி வழக்கில் வென்ற தொழிலாளர் மிகச் சிலரே.

எந்திரத் தொழில் பெருகிய பின் இந்த முறை நிலைக்க முடியவில்லை. ஆயிரம் பேர் ஆண்டு முழுவதும் எந்திரங்களோடு வேலை செய்யும்போது, எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் சில விபத்துகள் நேர்ந்தே தீரும். 'யார் பிழை' என்று தேடுவதைவிட, 'இந்தச் செலவை யார் தாங்குவது முறை' என்று கேட்பதே பொருத்தம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிட்டனில் 1897-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால், வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும் என்பதே இவற்றின் சாரம்.

நம் நாட்டில் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் பிழையை நிரூபிக்கும் பழைய முறையையே சார்ந்திருந்தது. 1923-இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களுள் மிகப் பழமையானவற்றில் இது ஒன்று. 2010 ஜனவரி 18 முதல் இதன் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என மாறியது. பின்னர் ஒன்பது சட்டங்களை ஒன்றிணைத்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இதன் விதிகள் ஏழாவது அத்தியாயமாக இடம்பெற்றன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறியுள்ளன. அடிப்படைக் கொள்கை மாறவில்லை. அந்நாளுக்கு முன் நேர்ந்த விபத்துகள் பழைய சட்டத்தின்படியே தீர்க்கப்பட வேண்டியவை.

பொறுப்பு எப்போது எழுகிறது?

விபத்து வேலையின் காரணமாகவும், வேலையின் போக்கிலும் நேர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தே பொறுப்பை உண்டாக்குகின்றன. மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாமல் செய்யாத சிறு காயத்துக்கு இழப்பீடு இல்லை. குடிபோதை, பாதுகாப்புக்காக வெளிப்படையாக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவை விபத்துக்கு நேரடிக் காரணமாயின் பொறுப்பிலிருந்து விலகலாம். ஆனால் அந்த விபத்து மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ முடிந்தால் இந்த எதிர்வாதங்களும் பயன்படா. 'அவன்தான் ஜாக்கிரதையாக இருக்கவில்லை' என்று பல உரிமையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெறும் கவனக்குறைவு, வேண்டுமென்றே மீறுவதாகாது என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைப் பற்றி நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்தது. 2003-இல் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி வேலைக்கு வரும் வழியில் விபத்தில் இறந்தார். அவர் குடும்பத்தின் வழக்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் அக்குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. விபத்தின் சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு நிலைநாட்டப்பட்டால், அது வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும். புதிய சட்டத் தொகுப்பு இதனை வெளிப்படையாகவே கூறுகிறது.

விபத்து மட்டுமன்றித் தொழில்சார் நோயும் இழப்பீட்டுக்கு உரியது. கற்பலகைக் குச்சித் தொழிலிலும் கல் உடைக்கும் தொழிலிலும் சிலிக்கா தூசியால் நுரையீரல் கெடும் நோய் இதற்கு எடுத்துக்காட்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதி இதன் கொடுமையை அறியும். காயம் ஒரு நொடியில் நேர்கிறது. நோய் பல ஆண்டுகளில் வளர்கிறது. ஆதலால் உரிமையாளர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்.

ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். 'அவர்கள் என் ஆட்கள் அல்லர், காண்ட்ராக்டரின் ஆட்கள்' என்ற வாதம் செல்லாது. தம் தொழிலின் வழக்கமான வேலைக்காக ஒப்பந்ததாரரை அமர்த்திய உரிமையாளர், தம் வளாகத்தில் நேர்ந்த விபத்துக்கு முதலில் இழப்பீடு செலுத்தியாக வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

மாணவர்கள் இக்கணக்கைக் குறித்துக்கொள்வது நல்லது. மரணம் நேர்ந்தால் மாத ஊதியத்தில் 50 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனமாயின் 60 விழுக்காட்டைப் பெருக்க வேண்டும். காரணி எண் 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09 என இறங்கிச் செல்கிறது. எஞ்சிய உழைப்புக் காலம் குறையக் குறைய இழக்கும் வருவாயும் குறைகிறது என்பதே இதன் தத்துவம்.

உண்மையான ஊதியம் எவ்வளவாயினும், கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது 2010-இல் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகவும், 2020 ஜனவரி 3-ஆம் நாள் அறிவிக்கையின்படி 15,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. முன் சொன்ன பட்டறை வழக்கில் 9,000 ரூபாய் ஊதியம் 8,000 ஆகக் கொள்ளப்பட்டது. அதில் பாதியான 4,000-ஐ 207.98-ஆல் பெருக்கியதே 8,31,920 ரூபாய். அதே விபத்து 15,000 ரூபாய் உச்சவரம்பின் கீழ், அந்த அளவு ஊதியம் பெறும் முப்பது வயதினருக்கு நேர்ந்தால் இழப்பீடு 15,59,850 ரூபாய். முழு ஊனத்துக்கு 18,71,820 ரூபாய்.

பகுதி ஊனத்துக்கு, சட்டத்தின் அட்டவணையில் கண்ட விழுக்காடு பொருந்தும். கட்டை விரலை இழந்தால் 30 விழுக்காடு வருவாய்த் திறன் இழப்பு. மேற்கண்ட முப்பது வயதினர் பவர் பிரஸ்ஸில் கட்டை விரலை இழந்தால் இழப்பீடு 5,61,546 ரூபாய் ஆகும். தற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தில் 25 விழுக்காடு அரைமாதத்துக்கு ஒரு முறை தரப்படுகிறது.

ஆயினும் அட்டவணையே இறுதி என்று எண்ணலாகாது. 1975-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கில், ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு கை மீதி இருக்கிறதே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே இது முழு ஊனமே என்று தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்த நாளிலேயே இழப்பீடு செலுத்தும் கடமை எழுகிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர் மீது வட்டி ஏறுவதற்கு இதுவே காரணம்.

ஈ.எஸ்.ஐ. திட்டமா, காப்பீட்டுப் பாலிசியா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம் நேர்கிறது. ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையே இதற்கு வித்து. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு அதைத் தொடங்கிவைத்தார். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனங்களில், ஊதிய வரம்புக்குள் உள்ளவர்களுக்கு இத்திட்டம் பொருந்துகிறது. 2017 ஜனவரி முதல் அவ்வரம்பு 21,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் உரிமையாளரின் பங்கு 3.25 விழுக்காடாகவும் ஊழியரின் பங்கு 0.75 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த ஊழியருக்கு விபத்து நேர்ந்தால் கழகமே பயன்களை வழங்குகிறது. அவர் உரிமையாளரிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது. இறந்தவரின் குடும்பத்துக்கு மொத்தத் தொகைக்குப் பதிலாக மாதந்தோறும் சார்ந்தோர் உதவித்தொகை கிடைக்கிறது. இது பெரும் நன்மை என்பது என் கருத்து. ஏனெனில் மொத்தமாக வரும் பணம் ஏழைக் குடும்பத்தில் விரைவில் கரைந்துவிடும்.

அப்படியானால் தனிப் பாலிசி யாருக்குத் தேவை? பத்துப் பேருக்குக் குறைவான சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் தேவை. ஈ.எஸ்.ஐ. ஊதிய வரம்பைக் கடந்த ஊழியர்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் தேவை. கட்டட வேலை போன்றவற்றில் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கு வெளியே நிற்கும் தொழிலாளரை அமர்த்துவோருக்கும் தேவை. சிறியவர்கள் எல்லாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருப்பதால் ஈ.எஸ்.ஐ. பொறுப்பிலிருந்து விடுபடலாம்; இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. சொல்லப்போனால், பெரிய நிறுவனத்துக்குக் கழகம் தோள் கொடுக்கிறது. சிறியவரோ முழுச் சுமையையும் தனியே தாங்குகிறார். இந்தப் பொறுப்புக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. பொறுப்பு கட்டாயம், காப்பீடு அவரவர் விருப்பம். இந்த இடைவெளியில்தான் நான் சொன்ன பட்டறை வீழ்ந்தது.

பாலிசி எதைத் தாங்கும்? எதைத் தாங்காது?

பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தப் பாலிசியை வழங்குகின்றன. பிரீமியம் இரண்டைப் பொறுத்தது: தொழிலின் ஆபத்துத் தன்மை, ஆண்டு முழுவதும் வழங்கப்படும் மொத்த ஊதியம். எழுத்தருக்குக் குறைந்த வீதமும், உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கு உயர்ந்த வீதமும் விதிக்கப்படுவது இயல்பு. 2007-க்குப் பின் பிரீமிய வீதங்கள் ஒரே கட்டண அட்டவணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆகவே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விசாரித்து எடுப்பதே விவேகம். ஆண்டின் தொடக்கத்தில் மதிப்பீட்டு ஊதியத்தின் மேல் பிரீமியம் செலுத்தி, ஆண்டு முடிவில் உண்மையான ஊதியத்துக்கு ஏற்பச் சரிசெய்வது முறை.

பாலிசி வாங்குவோர் அடிக்கடி செய்யும் தவறுகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பிரீமியத்தை மிச்சப்படுத்த ஊதியத்தைக் குறைத்துக் காட்டுவது, அல்லது பத்தில் ஆறு பேரை மட்டும் சேர்ப்பது. விபத்து நேர்ந்தபின் ஊதியப் பதிவேடும் பாலிசியும் ஒத்துப்போகாவிடில், கிளெய்ம் சிக்கலில் மாட்டும். புதிய சட்டத் தொகுப்பில் ஊதியம் என்பதற்கான விளக்கமும் மாறியுள்ளது. படிகள் முதலிய விலக்குகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதி ஊதியமாகவே கருதப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளைப் பெருக்கிக் காட்டும் பழைய வழக்கம் இனிப் பயன் தராது.

இரண்டாவது, ஒப்பந்தத் தொழிலாளரை விட்டுவிடுவது. அவர்களுக்கான பொறுப்பைத் தனியே குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அல்லது ஒப்பந்ததாரர் எடுத்த பாலிசியின் நகலை, வேலை தொடங்குமுன் வாங்கிப் பார்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவச் செலவு, தொழில்சார் நோய் ஆகியவை தாமாகவே சேர்ந்துவிடும் என்று எண்ணுவது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம், காயமுற்றவரின் உண்மையான மருத்துவச் செலவையும் உரிமையாளரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. பாலிசியிலோ அதற்கு வரம்பு இருக்கலாம். கூடுதல் பிரீமியம் தேவைப்படலாம். படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

நான்காவது, வட்டியையும் அபராதத்தையும் மறந்துவிடுவது. தாமதத்துக்கு விதிக்கப்படும் அபராதம் உரிமையாளரின் சொந்தத் தவற்றுக்கு உரியது. அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் கூறியது. இத்தகைய பாலிசியில் வட்டிப் பொறுப்பையும் நிறுவனம் நிபந்தனை மூலம் விலக்கிக்கொள்ளலாம் என்று 2006-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பாலிசி கையில் இருப்பினும் காலதாமதம் உரிமையாளரின் பையைத்தான் காலி செய்யும்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை

காயமுற்றவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது முதற்கடமை. அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மரணமோ கடுங்காயமோ ஆயின் உரிய அதிகாரிக்குச் சட்டம் குறித்த காலத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ஏழு நாள். வருகைப் பதிவேடு, ஊதியப் பதிவேடு, வயதுச் சான்று, மருத்துவ ஆவணங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். பொறுப்பு உண்டு என்பது தெளிவாக இருந்தால், ஒரு மாதத்துக்குள் தொகையை அதிகாரியிடம் செலுத்திவிட வேண்டும். முழுத் தொகையைப் பற்றி வாதம் இருப்பினும், ஒப்புக்கொள்ளும் பகுதியைச் செலுத்தத் தடை இல்லை. குடும்பத்துக்கு அவசர உதவி செய்ய மனம் இருந்தால் செய்யுங்கள். அது மனிதப் பண்பு. ஆனால் அதை இழப்பீடு என்று எண்ணிக்கொண்டு ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இழப்பீடு பெறும் உரிமையைப் பற்றித் தொழிலாளரை வேலையில் அமர்த்தும்போதே எழுத்து மூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டளையிட்டது. அதுவும் அவருக்குப் புரியும் மொழியில். உரிமையைச் சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால்தான், ஓராண்டு கழித்து வேறு ஊரிலிருந்து நோட்டீசு வரும்.

செலவை இறுதியில் தாங்குபவர் யார்?

பொருளாதார மாணவர்களுக்காக ஒரு கருத்தைக் கூறி முடிக்கிறேன். ஒரு பொருளின் உற்பத்திச் செலவில் இரும்பும் மின்சாரமும் எந்திரத் தேய்மானமும் சேர்வதைப் போல, அதை உண்டாக்குவதில் நேரும் உடல் இழப்பும் சேர வேண்டும். அது சேராதபோது பொருள் மலிவாகத் தோன்றுகிறது. ஆனால் மீதி விலையைத் தொழிலாளியின் குடும்பம் செலுத்துகிறது. பள்ளியை விட்டு நிறுத்தப்படும் மகனும், ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனும் அந்த விலையின் வேறு வடிவங்களே. இழப்பீட்டுச் சட்டம் இச்செலவைத் தொழிலின் கணக்குக்குக் கொண்டுவருகிறது. காப்பீடு, ஒருவர் தலையில் ஒரே நாளில் விழும் இடியைப் பல்லாயிரம் பேரிடையே சிறு தொகையாகப் பகிர்கிறது.

முன் சொன்ன பட்டறையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு பேர், மாதம் 9,000 ரூபாய் வீதம் ஆண்டு ஊதியம் 7,56,000 ரூபாய். கணக்குக்காகப் பிரீமியத்தை 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 15,120 ரூபாய். அவர் இறுதியில் செலுத்திய தொகை ஏறத்தாழ 95 ஆண்டுப் பிரீமியத்துக்குச் சமம்! காப்பீடு இருந்து, ஒரு மாதத்துக்குள் தொகை செலுத்தப்பட்டிருந்தால் வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை. 8,31,920 ரூபாயை நிறுவனம் ஏற்றிருக்கும்.

காப்பீடு எடுத்தால் உரிமையாளர் பாதுகாப்பில் அசட்டையாகிவிடுவார் அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கிளெய்ம்கள் மிகுந்த நிறுவனத்துக்குப் பிரீமியம் உயர்வதும், விபத்தில்லாத நிறுவனத்துக்குக் குறைவதும் அதற்கு ஒரு தடை. அதைவிட முக்கியமானது, எந்தப் பாலிசியும் அறுந்த விரலை ஒட்டித் தராது என்னும் உண்மை. சங்கிலியை மாதம் ஒரு முறை சோதிப்பதும், பிரஸ்ஸின் காப்புத் தடுப்பைக் கழற்றாமல் இருப்பதுமே முதற்காப்பீடு; பாலிசி அதற்கு அடுத்தது.

அந்தப் பட்டறையின் கடன் விண்ணப்பத்தில் 'தொழிலாளர் எண்ணிக்கை: 7' என்ற வரிக்கு நேரே நானும் சரிக் குறி இட்டிருந்தேன். அதன் கீழ் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதன் பிறகு என் மேசைக்கு வந்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைக் கேட்டிருக்கிறேன். இங்கே அமர்ந்திருக்கும் அதிகாரிகள் தம் மேசையிலும், உரிமையாளர்கள் தம் பட்டறையிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: 'இந்த ஏழு பேருக்கும் இன்று பாலிசி நடப்பில் இருக்கிறதா?'